பழகிய காதுக்குக் கரகரப்பு தெரியாது

ஒருவர் குரல் கெட்டுப்போயிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீட்டு ஆள் இல்லை, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்தான். துபாயிலிருந்து லீவுக்கு வந்த தம்பி, "என்னக்கா, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு, யாரையாவது பார்த்தியா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் மற்றவர்கள் "அப்படியா இருக்கு?" என்று காது கொடுத்துக் கேட்பார்கள். பள்ளிக்கூட ஆசிரியைகள் எங்களிடம் வரும்போது இந்தக் கதை அடிக்கடி வரும். மைக் இல்லாமல், மின்விசிறிச் சத்தத்துக்கும் பிள்ளைகள் சத்தத்துக்கும் மேலே வருடக்கணக்காகக் கத்திப் பேசி, குரல்நாண்களின் ஓரத்தில் காய்ப்புக் காய்த்துச் சின்ன முடிச்சுகள் விழுந்திருக்கும். கூட வந்த கணவரைக் கேட்டால், "இவங்க குரலே இப்படித்தான் மேடம், கல்யாணம் ஆனதிலேர்ந்து" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கரகரப்பு ஒரே நாளில் வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அவருடைய காதும் அதோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டது.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். குரலைக் காதால் கேட்டு மதிப்பெண் போடுவது என் அன்றாட வேலை. கேட்கக் கேட்கக் காது கூர்மையாகும், அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இந்தத் துறையில் எல்லாரும் நம்புகிறோம். அது பாதி உண்மை. அனுபவம் காதைக் கூர்மையாக்குகிறது, கூடவே ஒரு பக்கமாகச் சாய்த்தும் விடுகிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த ஆள் எந்த மாதிரிக் குரல்களுக்கு நடுவே வருடங்களைக் கழித்தார் என்பதைப் பொறுத்தது.

புதிதாக வரும் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டு "என்ன கேட்குது?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் வரும் பதில்கள் கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கும். கட்டைக் குரல், கீச்சுக் குரல், சத்தமாக இருக்கு, சன்னமாக இருக்கு. சுருதியும் சத்தமும்தான் பழகாத காதில் முதலில் விழும். மற்றதெல்லாம் "ஒரு மாதிரி கரகரன்னு இருக்கு" என்பதில் அடங்கிவிடும். அந்தக் கரகரவைப் பிரித்துக் கேட்கச் சொல்லித்தருவதுதான் முதல் பாடம், அதை நான் தொண்டையிலிருந்துதான் தொடங்குவேன். பெருமூச்சு விட்டபடியே "ஆ" சொல்லுங்கள் என்பேன். குரல்நாண்கள் முழுசாக மூடாமல் நடுவில் காற்று கசிகிற சத்தம் கேட்கும், அது காற்றுக் குரல். அடுத்து, காலையில் எழுந்ததும் வருகிற அடித்தொண்டைக் குரலில் மெதுவாக ஒரு "ஆ". அதிர்வு ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு வரும், அது சொரசொரப்பு. அப்புறம் இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே ஒரு "ஆ". தொண்டை இறுகி வரும், அது அழுத்தம். தன் தொண்டையில் செய்து பார்த்தவர்களுக்குக் காது சீக்கிரம் திறக்கிறது, வெறுமனே ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. பாட்டு வாத்தியார்கள், டப்பிங் செய்பவர்கள், ஒலிப்பதிவு செய்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

மதிப்பெண் போடுவதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன. ஜப்பானில் உருவாகி, மினோரு ஹிரானோவின் 1981 நூல் வழியாக எல்லா நாட்டுக்கும் போன ஜி.ஆர்.பி.ஏ.எஸ். என்பது ஓ.பி. அவசரத்துக்குத் தோதானது: மொத்தத்தில் எவ்வளவு மோசம், சொரசொரப்பு, காற்றுக்கசிவு, பலவீனம், அழுத்தம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அமெரிக்காவில் 2002-ல் நிபுணர்கள் கூடிப் பேசி வகுத்த கேப்-வி-யில் 100 மில்லிமீட்டர் நீளக் கோட்டில் எங்கேயாவது ஒரு குறி போட வேண்டும், அப்புறம் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். எண் என்று ஒன்று வந்துவிட்டால் ஆய்வகத்திலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போல எல்லாரும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதைப் போட்டது ஒரு ஆளின் காது என்பது ஃபைலைப் புரட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோடி கிரைமன், புரூஸ் ஜெரட் ஆகியோரின் குழு 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குரல் சிகிச்சையில் பழகிய ஐந்து பேர், பழக்கமே இல்லாத ஐந்து பேர். இரண்டிரண்டு குரல்களாகப் போட்டு, இவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கேட்டார்கள். நல்ல குரல்களும் இருந்தன, கெட்டுப்போன குரல்களும் இருந்தன. பழக்கமில்லாதவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வழியில் கேட்டார்கள். பழகியவர்கள்தான் ஆளுக்கு ஒரு வழியில் கேட்டார்கள். ஒருவர் முக்கியமாக நினைத்ததை இன்னொருவர் கண்டுகொள்ளவே இல்லை. நிபுணர்களின் மதிப்பீட்டைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும், ஜாக்கிரதை என்று அந்தக் குழு எச்சரித்தது. படிக்கிற காலத்தில் எனக்கு இது பரீட்சைக்கான ஒரு பத்தி. வேலைக்கு வந்த பிறகு, பக்கத்து அறைகளிலேயே இதைப் பார்க்க முடிந்தது.

என் கூட வேலை பார்த்த ஒருவர் பல வருடம் தொண்டைப் புற்றுநோய் வார்டில் இருந்தவர். கதிர்வீச்சு முடிந்த தொண்டைகள், பாதிக் குரல்நாண் எடுத்த தொண்டைகள், இவற்றைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்பார். ஒரு ஆசிரியையின் கரகரப்பு அவர் காதுக்கு ஒன்றுமே இல்லை, தயங்காமல் 0 போடுவார். இன்னொருவர் வாய்ப்பாட்டு கற்றவர், பாடகர்களை அதிகம் பார்ப்பவர். சாரீரத்தில் ரவை, அதாவது வேகமாக உருளும் நுணுக்கமான சங்கதி, சரியாகப் புரளவில்லை என்றாலே அவருக்குத் தெரிந்துவிடும், அதே ஆசிரியைக்கு 2 போடுவார். இதில் யார் சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. பிரச்சினை எங்கே வரும் என்றால், சிகிச்சைக்கு முன்னால் ஒருவரும் பின்னால் இன்னொருவரும் மதிப்பெண் போடும்போது. 2 என்று இருந்தது 0 ஆகிவிட்டது, ஃபைலில் அபார முன்னேற்றம், தொண்டையில் ஒன்றுமே மாறியிருக்காது. அதனால் முன்னும் பின்னும் ஒரே ஆள்தான் கேட்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். இன்னும் நல்லது, இரண்டு ரெக்கார்டிங்கையும் எது முன், எது பின் என்று சொல்லாமல் மூன்றாவது ஒருவரிடம் கொடுப்பது. சிகிச்சை கொடுத்தவருக்கே பின்னால் எடுத்தது எது என்று தெரிந்தால், அது நன்றாக இருப்பதாகத்தான் கேட்கும். ஆறு வாரம் உழைத்த உழைப்புக்கு மனசு கொடுக்கிற கூலி அது.

ஒரே காதும் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல் போன இரண்டு மூன்று பேரை வரிசையாகக் கேட்டுவிட்டு, அடுத்து லேசான கரகரப்பு உள்ளவர் வந்தால் அவர் குரல் தேவலாம் போலத் தோன்றும். அவரே காலையில் முதல் ஆளாக வந்திருந்தால் இன்னொரு எண் விழுந்திருக்கும். இரண்டு கோடியில் உள்ள 0-க்கும் 3-க்கும் பொதுவாக அவ்வளவு அடித்துக்கொள்வதில்லை, பெரும்பாலான தகராறு 1-க்கும் 2-க்கும் நடுவில்தான். மண்டைக்குள் வைத்திருக்கும் அளவு நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அதே லாஸ் ஏஞ்சலஸ் குழு 1993-ல் இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது: நினைவில் இருக்கும் அளவை நம்பாமல், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மாதிரிக் குரலைக் காதுக்கு முன்னால் வைத்து, அதோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பெண்களின் ஆட்டம் குறைந்தது.

நாங்களும் அப்படி ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறோம். சம்மதம் வாங்கி எடுத்த, பெயர் நீக்கிய ரெக்கார்டிங்குகள். சொரசொரப்பு 1 என்றால் இது, 2 என்றால் இது, காற்றுக்கசிவு 1, 2, 3 இவை என்று எல்லாருமாக உட்கார்ந்து ஒப்புக்கொண்டவை. ஓ.பி. தொடங்குமுன் ஹெட்ஃபோனில் ஒரு சுற்று கேட்டுவிட்டால் போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதோடு இன்னொரு பழக்கமும் உண்டு: கேஸ் ஷீட்டைத் திறக்குமுன் ஆளைப் பேசச் சொல்வது. இ.என்.டி. டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டோ, குரல்நாண்கள் அதிர்வதைக் காட்டும் ஸ்ட்ரோப் வீடியோவைப் பார்த்துவிட்டோ உட்கார்ந்தால் கண் பார்த்ததைத்தான் காது கேட்கும். அசையாமல் போன குரல்நாண் என்று படித்த பிறகு காற்றுக்கசிவு கேட்காமல் இருக்கவே இருக்காது. காதுக்குச் சந்தேகம் வந்தால் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. நன்றாக மூச்சு இழுத்து "ஆ" என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பார்க்கலாம். சாதாரணமாகப் பெரியவர்கள் 15 விநாடியாவது தாண்டுவார்கள், குரல்நாண் மூடாதவர்கள் ஐந்தாறு விநாடியில் மூச்சு தீர்ந்து நிறுத்திவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் எழுதிய ப்ராட் என்ற, குரலை அளந்து எண் காட்டும் இலவச மென்பொருளும் உதவும், ஆனால் ரொம்பக் கெட்டுப்போன குரலில் அதிர்வே ஒழுங்காக இல்லாததால் அது காட்டும் சில எண்களை நம்ப முடியாது. அங்கே திரும்பவும் காதுதான்.

"ஆ"வை மட்டும் கேட்டு முடிவெடுக்கவும் கூடாது. இழுத்துச் சொல்லும் "ஆ"வில் ஓரளவு சுமாராக இருக்கும் சில குரல்கள் பேச ஆரம்பித்ததும் வெட்டி வெட்டி வரும். மூளையிலிருந்து வரும் கட்டளைக் கோளாறால் குரல்நாண்கள் பேச்சின் நடுவே திடீரென்று இறுகிக்கொள்ளும் நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பதற்றம் என்றும் நடிப்பு என்றும் சொல்லி வருடக்கணக்கில் அலையவிடுவார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களாகக் கோர்த்த வாக்கியம் கொடுத்தால் அது வெளியே வந்துவிடும். நான் கொடுப்பது, "எங்கள் ஊர் ஆற்றில் இன்று ஆள் இல்லை." ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் குரல் மாட்டிக்கொள்ளும். அதே ஆளிடம் "தாத்தா பட்டுக்கோட்டைப் பாக்கு கேட்டார்" என்று சொல்லச் சொன்னால் அவ்வளவு தடுக்காது, ஏனென்றால் க, ட, த, ப எல்லாம் குரல்நாணுக்கு நடுநடுவே ஓய்வு கொடுக்கும். வெறும் தசை இறுக்கத்தால் வரும் கோளாறில் இரண்டு வாக்கியமும் ஒரே அளவு மோசமாக இருக்கும். எதைக் கேட்கிறோம் என்பது போலவே எதைப் பேசவைத்துக் கேட்கிறோம் என்பதும் முக்கியம்.

தாய்மொழியும் ஒரு கேட்ட அனுபவம்தான், இதை வெளிமாநில மாணவர்கள் வரும்போதுதான் கவனித்தேன். நாம் பேசும்போது "மரம்", "வந்தேன்" என்பதன் கடைசி ம், ன் உதட்டிலோ நாக்கிலோ முடிவதில்லை, முன்னால் இருக்கும் உயிரோசை மூக்கில் ஏறி அப்படியே நின்றுவிடுகிறது. பிறந்ததிலிருந்து கேட்பதால் நமக்கு அது மூக்கொலியாகவே தெரியாது. வடக்கிலிருந்து வந்த ஒரு மாணவி, அண்ணப்பிளவு ஆபரேஷன் முடிந்த ஒரு தமிழ்ப் பையனின் பேச்சில் சொல்லுக்குச் சொல் மூக்கொலி என்று குறித்து வைத்திருந்தாள். பாதி இடங்களில் அது நம் எல்லாருடைய பேச்சும்தான். ஆனால் நாங்கள் தமிழ்க்காரர்கள் "சாதாரணம்" என்று கடந்துபோன "பூ", "சீப்பு" மாதிரி இடங்களில், மூக்குக்கு வேலையே இல்லாத சொற்களில், காற்று மூக்கால் போவதை அவள்தான் சரியாகப் பிடித்திருந்தாள். அதிலிருந்து அண்ணப்பிளவுப் பிள்ளைகளுக்கு ம, ந, ன வராத வாக்கியங்களைத் தனியாகப் பேசவைத்துத்தான் கேட்கிறேன், முடிந்தால் பக்கத்தில் தமிழ் தெரியாத ஒரு காதையும் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

குரல் எதற்கு வேண்டும் என்று கேட்காமல் நல்ல குரல், கெட்ட குரல் என்று சொல்லவே முடியாது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடியக் கூத்தாடும் ஒரு வாத்தியார் எங்களிடம் வந்தார். என் அளவுகோலில் சொரசொரப்பு 2, அழுத்தம் 3. சரி, இரண்டையும் குறைத்துவிடலாம் என்று நான் பேச ஆரம்பித்ததும் கூட வந்த மத்தளக்காரர், "அண்ணன் குரல் கணீர்னு இருக்குதும்மா, மூச்சுதான் நிக்கல, ரெண்டு மணிக்கு மேல இழுக்க முடியல, அதை மட்டும் பாருங்க" என்றார். அந்தச் சொரசொரப்புதான் துரியோதனன் வேஷத்தின் பாதி. திறந்த வெளியில் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டிய குரலை ஆஸ்பத்திரி அறையின் காதால் அளந்தால் எப்படி? மூச்சு, தண்ணீர், வேஷங்களுக்கு நடுவே பேச்சு இல்லாத ஓய்வு, இவற்றில்தான் வேலை செய்தோம். சொரசொரப்பு 2 இன்னும் 2-தான், விடிகாலை வரை தாங்குகிறது.

காலமும் காதை மாற்றுகிறது. 1933-ல் இளவயதிலேயே இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் பாடியதற்காகவே நாடகக் கொட்டகைகளில் கொண்டாடப்பட்டவர். மைக் பரவாத காலத்தில் ஆண்குரல் என்றால் அந்த உயரம்தான். இன்றைக்கு அந்த இசைத்தட்டுகளைப் போட்டால் பையன்கள் "பொம்பளையா பாடுறாங்க?" என்று கேட்கிறார்கள். மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பாடுவதைக் கேட்டே வளர்ந்த காதுகள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உயரமான குரலால் நிஜமாகவே கஷ்டப்படுகிற பையன்களும் வருகிறார்கள். மீசை வந்திருக்கும், குரல்நாணும் வளர்ந்திருக்கும், பேச்சு மட்டும் சின்னப் பிள்ளைக் குரலிலேயே நின்றிருக்கும். காலேஜில் கிண்டல், போனை எடுத்தால் "அம்மா, வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இதற்குச் சிகிச்சை ஒப்பீட்டளவில் சுலபம். இருமச் சொல்லி, தொண்டை எலும்பை லேசாகக் கீழே அழுத்திப் பிடித்து "ம்ம்" சொல்லவைத்தால் பல பேருக்கு அந்த உட்கார்விலேயே 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த குரல் 120 பக்கம் இறங்கிவிடும். கஷ்டம் அதற்கப்புறம்தான். ஒரு பையன் புதுக் குரலில் "அம்மா" என்று கூப்பிட்டதும் அந்த அம்மா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ கூப்பிட்டது போல. "என்னங்க மேடம், முரட்டுத்தனமா இருக்கு, பழைய குரலே பரவாயில்ல போலிருக்கே" என்றார். பையனுக்கும் தன் குரல் பூதம் பேசுவதுபோல் கேட்கிறதாம். என் காதுக்கு அது சாதாரண ஆண்குரல். வீட்டுக்காரர்களின் காதைத் தயார் செய்யாமல் அனுப்பினால் இரண்டே நாளில் பழைய குரலுக்குத் திரும்பிவிடுவான். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே ஓர் ஏற்பாடு: ரெக்கார்ட் செய்து கொடுத்து, வீட்டில் எல்லாரும் தினமும் சாப்பிடும் நேரத்தில் அதைக் கேட்க வேண்டும், புதுக் குரலைப் பற்றி ஒரு வாரத்துக்கு யாரும் கருத்துச் சொல்லக்கூடாது. முதலில் அந்நியரிடம் பேசட்டும், கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம். அவர்கள் பழைய குரலைக் கேட்டதில்லை, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதைவிடப் பெரிய தைரியம் அவனுக்கு வேறெதுவும் கொடுக்காது.

தன் குரலைத் தானே மதிப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் இல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது, கனத்த ஓசை கூடுதலாகக் கேட்கிறது, அதனால் ரெக்கார்டிங்கில் எல்லார் குரலும் அவரவருக்கு மெலிந்துதான் கேட்கும். போன் குரலை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பழைய பாணித் தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலே கிடக்கும் காற்றுக்கசிவின் இரைச்சல் காதுக்கு வந்து சேராது. கொரோனா சமயத்தில் போனில் மட்டும் கேட்டவர்களை நேரில் பார்த்தபோது காற்றுக் குரல் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.

வீட்டில் யாருக்காவது கரகரப்பு மூன்று நான்கு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் மிளகுக் கஷாயம் போட்டுக்கொண்டே காத்திருக்காமல் இ.என்.டி.-யிடம் காட்டுங்கள். புகைப்பழக்கம் இருந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ அந்த மூன்று வாரமும் வேண்டாம். தொழிலுக்குக் குரலை நம்பியிருப்பவர்கள், ஆசிரியர்கள், பாடகர்கள், ஏலம் விடுபவர்கள், மாதத்துக்கு ஒரு முறை அதே அறையில், போனை அதே தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதே இரண்டு வாக்கியத்தையும் ஒரு "ஆ"வையும் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக இல்லை, போனில் உள்ள ரெக்கார்டரில். அப்படி எதுவும் இல்லாமல் வருபவர்களிடம் பழைய கல்யாண வீடியோ, ஆண்டுவிழா வீடியோ இருந்தால் கொண்டுவரச் சொல்கிறேன், ஐந்து வருடத்துக்கு முந்தைய குரல் அதில் அப்படியே இருக்கும். நீங்கள் பேசுவது எந்த நிமிஷத்தில் வருகிறது என்று மட்டும் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரை ஓட்டிப் பார்க்க ஓ.பி.யில் நேரம் இருக்காது.